கலைந்ததும் கலைத்ததும்

மார்ச் 4, செவ்வாய்

கோர்ட்டில் இன்று முழுக்க ஒரே சாட்சி. வேலித் தகராறு. சாட்சியத்தைப் பதினோரு பக்கம் தட்டச்சு அடித்தேன். வலது மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது.

சாப்பிடும்போது தம்பியின் போன். சின்னவள் ஸ்பீக்கரில் போட்டாள். (தம்பி மனைவிக்கு வீட்டில் அதுதான் பெயர். இங்கேயும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.) அவன் ஏதோ ஊரில் குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறான். மூன்று மெஷினுக்கு சார்ஜ் போட்டானாம், கேஸ் நிரப்பியதைச் சொல்கிறான். எங்கள் கோர்ட்டில் இன்றைக்கு இரண்டு பேர் மேல் சார்ஜ் போட்டார்கள் என்றேன் நான். சின்னவள் விடவில்லை. நாளைக்கு ரயில் யார்டுக்குள் இஞ்சின் சார்ஜைத் தன் கையில் கொடுக்கப் போகிறார்களாம், முதல் தடவையாக. "என் போன்லதான் சார்ஜ் இல்ல, வெச்சுடறேன்" என்று தம்பி வைத்துவிட்டான்.

சின்னவள் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் அப்படிச் சிரித்துப் பார்க்கிறேன். வயிற்றில் ஒன்பது வாரம் இருந்த குழந்தை தங்கவில்லை. தம்பி அப்போதும் வெளியூரில்தான் இருந்தான். நான் கோர்ட்டில் இருந்தேன். அவளும் அவள் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். நாங்கள் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இரண்டு வாரத்தில் ரயில் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

நல்ல திடம்தான் அவளுக்கு.

மார்ச் 9, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர் பழைய வாடகை ஒப்பந்தத்தின் நகல் கேட்டார். எங்கள் அலமாரியில் நீல ஃபைலில் இருக்கும், எடுத்துக் கொடு அக்கா என்று தம்பி போனில் சொன்னான். சின்னவள் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஃபைலைத் திறந்தேன். ஒப்பந்தத்துக்கு மேலே ஆஸ்பத்திரிக் காகிதம்.

மூடியிருக்கலாம். இருபத்து மூன்று வருஷமாகக் காகிதம் படித்தே பிழைக்கிறவள் கை மூடாது.

இங்கிலீஷில் தெளிவாக அடித்திருக்கிறது. மிஸ்டு அபார்ஷன், ஒன்பது வாரம். அடுத்த வரியில், உள்ளே இருந்ததை வெளியேற்றியாயிற்று என்று. பின்னால் ஒரு சம்மதப் படிவம். அதில் சின்னவளின் கையெழுத்து, கீழே அழகாகத் தேதி.

அபார்ஷன். எத்தனை வழக்கில் அடித்திருக்கிறேன் இந்தச் சொல்லை. எங்கள் கோப்புகளில் அதற்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் நிற்பான். மாத்திரை வாங்கிக் கொடுத்தவன், கூட்டிப்போனவன், மறைத்தவன். தானாக நடந்தால் அது எங்களிடம் வரவே வராது. மிஸ்டு என்றால்? தவறியது. அப்படியென்றால் முதலில் வீட்டிலேயே எதையோ செய்து பார்த்திருக்கிறாள். அது தவறிப்போய், பிறகு அங்கே போய் முடித்திருக்கிறாள். சம்மதத்தோடு.

டிசம்பர் கடைசியில் இதே சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாளே — "இப்போ ஏன் அண்ணி வந்துச்சு இது? ரெண்டு வருஷம் காத்திருந்து கெடச்ச பயிற்சி." நான்தான் சமாதானம் சொன்னேன். தொட்டில் போட இடம் வேண்டுமென்று என் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினேன். அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

என் வயிற்றில் ஒன்றும் தங்கியதில்லை. என் கணவர் இருந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட. தங்கினதைப் போய்...

மார்ச் 10, திங்கள்

உடம்பு சரியில்லையா அண்ணி என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தம்பி மதியம் வந்து சேர்ந்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். காகிதத்தை நீட்டினேன். மூன்று தடவை படித்தான். அவனுக்கு இங்கிலீஷ் மெஷின் புத்தகம் படிக்கிற அளவுக்குத்தான். "அக்கா, இதுக்கு இதுதான் அர்த்தமா?" என்று கேட்டான். "தெனமும் நான் அடிக்கிற வார்த்தைடா" என்றேன்.

அப்பா போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து நான் சொன்ன எதையும் அவன் இன்னொருவரிடம் போய்ச் சரிபார்த்ததில்லை.

மார்ச் 14, வெள்ளி

கூடத்தில் மூன்று பேரும். தம்பி பேசுவான் என்று பார்த்தேன். காகிதத்தை மேசை மேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் நான்தான் கேட்டேன். கலைச்சியா என்று.

சின்னவள் முதலில் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "அது தானா கலைஞ்சது அண்ணி" என்றாள். குரல் உயரவே இல்லை.

காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றேன். மிஸ்டு என்று எதற்குப் போடுகிறார்கள், சம்மதம் எதற்குக் கொடுத்தாய்? கோர்ட்டில் வக்கீல்கள் கேட்பது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன். இப்போது எழுதும்போது அந்தக் குரல் எனக்கே கேட்கிறது.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் இதே சந்தேகம்தானா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போய்க் கேட்டுவிடலாமே என்றேன் நான். நியாயமாகப் பேசுகிறேன் என்று நினைப்பு எனக்கு. அதற்கு அவள் சொன்னது: "டாக்டர் வந்து சாட்சி சொன்னாதான் இந்த வீட்டுல என்னை நம்புவீங்கன்னா, நம்பவே வேணாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. செய்தவளுக்கு அழுகை எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

காலையில் ஒரு பெட்டியுடன் பயிற்சி விடுதிக்குப் போய்விட்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். தம்பி தடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

தம்பி இரண்டு வாரமாக வீட்டில்தான் இருக்கிறான். வேலைக்குக் கூப்பிட்டால் வேறு ஆளை அனுப்பச் சொல்கிறான். இன்று எங்கள் பிரிட்ஜை முழுக்கக் கழற்றிப் போட்டான். அதில் ஒரு கோளாறும் இல்லை. எதற்குடா என்றேன். சத்தம் வந்த மாதிரி இருந்தது என்றான்.

ஏப்ரல் 5, சனி

கீழ்வீட்டு அம்மா படியில் நிறுத்திக் கேட்டார், சின்னவள் எங்கே காணோம் என்று. பயிற்சி கடுமை, விடுதியில் தங்கியிருக்கிறாள் என்றேன். பொய் இல்லையே. ஆனால் படியேறும்போது முகத்தை நிமிர்த்த முடியவில்லை. எனக்கு ஏன் வெட்கம்? நான் என்ன செய்தேன்?

ஏப்ரல் 16, புதன்

"உனக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராவது இருந்தா சொல்லு அக்கா." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சொல்கிறேன் என்றேன். நாலு பேர் பெயர் உடனே நினைவுக்கு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. விவாகரத்துதானே நியாயம்?

ஏப்ரல் 24, வியாழன்

தம்பி மறுபடி கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

மே 6, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். ஒரு சொல்லும் விடக்கூடாது.

காலையில் ஓர் அடிதடி வழக்கு. மாடியில் குடியிருக்கும் பெண்ணைப் படியிலிருந்து தள்ளிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் வழக்கு. அவளுக்கு அப்போது மூன்று மாதம். கரு போய்விட்டது. சிகிச்சை பார்த்த டாக்டர் அம்மா சாட்சிக் கூண்டில். நரைத்த தலை, கையில் குடையோடு வந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய அறிக்கையையே எடுத்து நீட்டினார். இது உங்கள் கையெழுத்துதானே, இதில் அபார்ஷன் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அந்தப் பெண்ணே கலைத்துக்கொண்டு என் கட்சிக்காரர் மேல் பழி போடுகிறாள் என்றுதானே ஆகிறது?

நல்ல கேள்வி என்று நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இங்க படிக்கிற அர்த்தம் வேற சார். எங்க துறையில கரு தானா கலைஞ்சாலும் அதே வார்த்தைதான், கலைச்சாலும் அதே வார்த்தைதான். யார் செஞ்சாங்கன்னு அந்த வார்த்தை சொல்லாது."

நீதிபதி அம்மா அதை நான் அடிப்பதற்காக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். என் விரல் நின்றுவிட்டது. திரையில் பாதி வாக்கியம். "அடிச்சாச்சாம்மா?" என்று கேட்டார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அடித்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, புதிதாகத் தட்டச்சு படிக்கிறவள் மாதிரி.

இடைவேளையில் டாக்டர் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினேன். மிஸ்டு என்று முன்னால் போட்டிருந்தால் என்ன அர்த்தம் டாக்டர்? அவர் நின்றார். "உள்ளேயே துடிப்பு நின்னு போயிருக்கும்மா. வலி இருக்காது, ரத்தம் இருக்காது, அம்மாவுக்கே தெரியாது. ஸ்கேன்லதான் தெரியவரும். அப்படியே விட்டா சில பேருக்கு ஆபத்து. அதனால கையெழுத்து வாங்கிட்டு எடுத்துடுவோம்." பெரும்பாலும் கரு சரியாக உருவாகாததுதான் காரணம், இதில் யார் மேலும் குற்றம் கிடையாது என்றும் சொன்னார்.

பிறகு கேட்டார், யாருக்கும்மா என்று. தம்பி மனைவிக்கு என்றேன்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

ஜனவரியிலிருந்து மே வரை அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை. கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

தமிழில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கலைந்தது, கலைத்தது. அந்த ஓர் எழுத்து போதும், யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். சின்னவள் அன்றைக்குத் தமிழில்தான் சொன்னாள், தானா கலைஞ்சது என்று. சரியான சொல்லைத்தான் சொன்னாள். நான்தான் என் இங்கிலீஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்ன காரியம் பண்ணிட்டேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

மே 7, புதன்

தம்பி ஒரு வாரமாகத்தான் மறுபடி வேலைக்குப் போகிறான். வெள்ளிக்கிழமைதான் வருவான். போனில் சொல்ல வாய் வரவில்லை. இல்லை, அது பொய். போனில் சொன்னால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காகவே சொல்லக் கூடாது என்று விட்டேன்.

மே 9, வெள்ளி

சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ தப்பாப் படிச்சே. சரி அக்கா. நான் படிக்கவே இல்லையே. அவ என்னைத்தானே கேட்டா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நான்."

பிறகு ஜன்னலோரம் கிடந்த என் கட்டிலை அவனே இழுத்துப் பழைய இடத்தில் போட்டான்.

மே 10, சனி

விடுதிக்குப் போயிருந்தான். மூன்று மணி நேரம் வாசலில் நின்றானாம். பார்க்க விருப்பமில்லை என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மே 18, ஞாயிறு

நான் போனேன். தம்பியிடம் சொல்லாமல்.

இரண்டு பேருந்து மாறி, ரயில் ஷெட்டைத் தாண்டி நடக்க வேண்டும். எண்ணெய் வாசனை தொலைவிலேயே அடிக்கிறது. காவலாளியிடம் அண்ணி வந்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். வரமாட்டாள் என்றே நினைத்தேன். அரை மணி கழித்து வந்தாள், சீருடையோடு. மெலிந்திருக்கிறாள். கைவிரல் இடுக்கிலெல்லாம் கறுப்பு. வாசலுக்குள்ளே சிமென்ட் பெஞ்சு ஒன்று. அதன் இந்த முனையில் நான், அந்த முனையில் அவள்.

நான் தப்பாகப் படித்தேன் என்றேன். இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியங்கள். அவள் கடைசி வரை கேட்டாள்.

"நீங்க தப்பாப் படிச்சதுல எனக்குக் கோபம் இல்ல அண்ணி. படிச்சுட்டு மொதல்ல என்கிட்ட வரலையே. நாலு நாள் என் கையால சாப்பிட்டுட்டு, அவர்கிட்ட போனீங்களே."



அவளாகவே ஜனவரியைப் பற்றிப் பேசினாள். ஸ்கேன் எடுத்த பெண் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தாளாம். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையை அந்தப் பக்கம் திருப்பினாளாம். அப்போதே தெரிந்துவிட்டது என்றாள். பிறகு சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு:

"நான் வேணாம்னு நெனச்சது நெஜம். ஒரு பத்து நாள். அப்புறம் வேணும்னு ஆயிடுச்சு. பேர்கூட யோசிச்சேன். அதுக்கப்புறம்தான் நின்னு போச்சு. நான் நெனச்சதாலதானோ, நான் நெனச்சதாலதானோன்னு தெனமும் ஓடிட்டிருந்துச்சு உள்ள. அந்த நேரத்துல நீங்க கலைச்சியான்னு கேட்டீங்க. தானா கலைஞ்சதுன்னு சொன்னேன், ஆனா அதை அடிச்சுச் சொல்ல எனக்கே வாய் வரல."

அன்றைக்கு அந்த மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது இந்த நோட்டிலேயே இருக்கிறது. கிழித்துப் போடலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை.

நினைப்பால் எதுவும் கலையாது என்று அவளிடம் சொன்னேன். அந்த டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவளுடைய டாக்டரும் அதையேதான் சொன்னாராம். "வீட்டுல ஒருத்தர் சொல்லணும்னு இருந்துச்சு" என்றாள்.

மன்னித்துவிடு என்று கேட்டேன். உள்ளே மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவனுக்காக எதுவும் பேசவில்லை. அவனுக்காகவும் நானே பேசினதுதான் இத்தனைக்கும் காரணம்.

மே 25, ஞாயிறு

தம்பி மறுபடி விடுதிக்குப் போனான். இந்தத் தடவை பத்து நிமிஷம் பேசினாளாம். என்ன பேசினீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வேலையில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தெரிந்த சொல் வந்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. இன்று ஒரு பொறியாளர் சாட்சி சொன்னார். அவர் ஒரு சொல்லைச் சொன்னதும், அதை எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். தட்டச்சர் கேள்வி கேட்கக் கூடாது. நீதிபதி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "சொல்லுங்க, எந்த அர்த்தத்துல?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

தம்பியும் சின்னவளும் சேர்ந்து இருக்க, யார்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறார்கள். தம்பி சொன்னான். நீயும் வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். சொல்லியிருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு வண்டியில் அடங்கிவிட்டது அவர்கள் சாமான். அலமாரி போன இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்கிறது.

சின்னவள் வரவில்லை. பணி என்று தம்பி சொன்னான். பணியாகவும் இருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

ஒருத்திக்குச் சமைக்க எனக்கு அளவு தெரியவில்லை. மூன்று நாளாகப் பழையதையே சாப்பிடுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி வந்து சமையலறைக் குழாய் வாஷரை மாற்றிக் கொடுத்தான். அவள் கீழே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாடியிலிருந்து பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கூப்பிடலாமா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளாக வர வேண்டும். இழுத்து வைத்துப் பேசுகிற உரிமையை நான் தொலைத்தாயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

இருவரும் வந்தார்கள். தம்பி என் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை வாங்கி வந்திருந்தான். அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். சின்னவள் நிலைப்படி வரை வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. எப்படி இருக்கே என்று மட்டும் கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னாள். தூக்கம் பரவாயில்லையாம். சில நாள் காரணமில்லாமல் அழுகை வருகிறதாம். போன வாரம் சரக்கு வண்டியில் நாற்பது கிலோமீட்டர் போனாளாம், பக்கத்தில் மூத்த ஓட்டுநர் இருந்தாராம். முடிகிற வரை குறுக்கே பேசாமல் கேட்டேன். ஐந்து நிமிஷம் இருக்கும்.

கிளம்பும்போது "வரேன் அண்ணி" என்றாள். கிளம்புகிற எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அதற்கு மேல் அதில் எதையும் நான் படிக்கப் போவதில்லை.